தள்ளும் கம்பியும் இழுக்கும் கம்பியும்



விடுமுறைக்கு ஊர் திரும்பும் தமிழர்களுக்கெல்லாம் பழக்கமான ஓர் ஓசை உண்டு. தில்லியிலிருந்து புறப்பட்ட வண்டி நர்மதையையோ, விஜயவாடாவில் கிருஷ்ணையையோ கடக்கும்போது, அதுவரை சீராக இருந்த சக்கரங்களின் ஓசை சட்டென்று கனத்துப் பெட்டி முழுவதும் எதிரொலிக்கும். சாளரத்துக்கு வெளியே இரும்புச் சட்டங்கள் சாய்ந்தும் நிமிர்ந்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறையும். பெரியவர்கள் ஆற்றில் காசு எறிந்து கைகூப்புவார்கள். குழந்தைகள் சட்டங்களை எண்ணத் தொடங்கி, பத்துக்கு மேல் போக முடியாமல் தோற்பார்கள். பாலம் முடிந்ததும் ஓசை தணியும்; பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தச் சட்டங்கள் எவ்வளவு சுமையைத் தாங்கின, எப்படித் தாங்கின என்று எவரும் கேட்பதில்லை. நாமும் நெடுங்காலம் கேட்டதில்லை.

கேட்க நேர்ந்தது ஒரு பிழையினால். அந்தப் பிழை நம்முடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

நாம் பொறியியல் பயின்றவரல்லோம். கலைக்கல்லூரியில் இலக்கியமும் வரலாறும் படித்து, மத்திய அரசுப் பணியில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தவர். சுற்றறிக்கை, விதிமுறை, விளம்பரம் என்று எது வந்தாலும் தமிழாக்குவது கடமை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிமனைக்குரிய பராமரிப்புக் கையேடு மேசைக்கு வந்தது. சுமை தூக்கும் உருளைவண்டி மேலே ஓடுவதற்கான இரும்புச் சட்டகம் ஒன்றைப் பற்றிய சிறு நூல். ஆங்கில மூலத்தில் சாய்வான ஓர் உள்கம்பியை ஒரு பக்கத்தில் ‘ஸ்ட்ரட்’ என்றும், இரண்டு பக்கம் தள்ளி அதே கம்பியை ‘டை’ என்றும் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயரிடுவது மூலநூலாரின் கவனக்குறைவு என்று நாம் முடிவு செய்தோம். மொழிபெயர்ப்பாளருக்குச் சீர்மை முக்கியமல்லவா? இரண்டையும் ‘தாங்குகம்பி’ என்று ஆக்கிவிட்டு, மூலத்தையே திருத்திவிட்ட பெருமிதத்துடன் கோப்பை மூடினோம்.

சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் ஒரு குரல் அழைத்தது. அந்தப் பணிமனையில் வேலை பார்க்கும் தமிழ் மேஸ்திரி ஒருவர். சேலத்துப் பக்கம் பிறந்தவர். முப்பது ஆண்டுகளாக வடநாட்டில் இருப்பவர். “சார், உங்கள் புத்தகத்தில் தாங்குகம்பி, தாங்குகம்பி என்றே போட்டிருக்கிறதே, அது தள்ளுகிற கம்பியா, இழுக்கிற கம்பியா? ஒன்று வளைந்து போயிருக்கிறது. மாற்ற வேண்டும். இழுக்கிற கம்பி என்றால் மெல்லிய உருட்டுக்கம்பி போதும், கையிலேயே இருக்கிறது. தள்ளுகிற கம்பி என்றால் குழாயோ ஆங்கிளோ கேட்டு வாங்க வேண்டும். அதுதான் தெரிய வேண்டும்.”

நமக்கு விடை தெரியவில்லை. பொறியாளரிடம் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்று மாலையே பழைய புத்தகக் கடையில் ஒரு நிலையியல் நூலை வாங்கினோம். அதில் கற்றதைத்தான் இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறோம். ஒரு தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் நல்லது.

வீட்டிலிருந்தே தொடங்குவோம். தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்க வருபவர் இரட்டை ஏணி ஒன்றைக் கொண்டு வருவார். ‘ஃ’ போன்று மூன்று முனைகளும், அவற்றுள் இரண்டு தரையிலும் ஒன்று மேலேயுமாக நிற்கும் ஏணி. இருபுறத்துக் கால்களும் அகன்று சரிந்துவிடாதபடி நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார். ஒவ்வொரு புறத்துக் கால்களையும் ஒரே கால் என்று கொள்வோம். கயிறு அடியிலேயே கட்டியிருப்பதாகவும், தரை வழவழப்பாக இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கால்களுக்கிடையே 3 மீட்டர். உயரம் 2 மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு காலும் இரண்டரை மீட்டர் நீளம். உச்சியில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கிறார்.

ஏணி அசையாமல் நிற்கிறது என்பதே நமக்குக் கிடைத்துள்ள பெரிய செய்தி. அசையாப் பொருளின்மீது செயல்படும் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்தாக வேண்டும். மேலே போகும் விசையும் கீழே வரும் விசையும் சமம். இடப்புறம் போவதும் வலப்புறம் போவதும் சமம். மூன்றாவதாக, அது எந்தப் புள்ளியைச் சுற்றியும் சுழலவும் இல்லை. ஆகவே சுழற்ற முயலும் திருப்புத்திறன்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக வேண்டும். நிலையியல் என்னும் சாத்திரத்துக்கு மூலதனம் இந்த மூன்று வாக்கியங்கள்தாம்.

80 கிலோ நடுவில் நிற்பதால் தரை ஒவ்வொரு காலையும் 40 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தாங்குகிறது. இனி ஒரு காலின் அடிமுனையை மட்டும் பாருங்கள். அங்கே சந்திப்பவை மூன்று: தரையின் தாங்கல், சாய்ந்த கால், கிடையான கயிறு. தரை மேல்நோக்கி 40 கொடுக்கிறது. கயிற்றால் கீழே தள்ள முடியாது. அது கிடையாகத்தான் இழுக்கும். ஆகவே அந்த 40-ஐச் சமன் செய்யும் பொறுப்பு முழுவதும் சாய்ந்த காலைச் சேர்ந்தது. கால் இரண்டரை மீட்டர் நீளத்தில் 2 மீட்டர் ஏறுகிறது. அதாவது அதன் விசையில் ஐந்தில் நான்கு பங்குதான் செங்குத்தாகப் பயன்படும். ஐந்தில் நான்கு பங்கு 40 ஆக வேண்டுமென்றால் முழு விசை 50. மீதி, ஐந்தில் மூன்று பங்கான 30 கிலோ, காலை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அந்த 30-ஐக் கயிறு உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. கணக்கு முடிந்தது. கால்கள் 50 கிலோ அளவுக்கு அமுங்குகின்றன. கயிறு 30 கிலோ அளவுக்கு இழுபடுகிறது.

அதே ஏணியின் கால்களை 4 மீட்டர் அகலத்துக்கு விரித்தால் உயரம் ஒன்றரை மீட்டராகக் குறையும். நிற்பவர் அதே ஆள்தான். ஆனால் கயிற்றின் இழுவை 53 கிலோவைத் தாண்டும். ஏறுபவரின் எடை கூடாமலேயே கயிறு அறுவது எப்படி என்பதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. கயிற்றுக்குத் தள்ளத் தெரியாது. இழுவிசை இருக்கும் இடத்தில் கயிறு போதும், மெல்லிய கம்பி போதும். அமுக்கவிசை இருக்கும் இடத்தில் விறைப்பான கழி வேண்டும். தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து இரு முனைகளையும் பற்றி இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. அதே ஈர்க்கைத் தரையில் ஊன்றி மேலிருந்து அமுக்குங்கள். உடனே வில்லாக வளைந்துவிடும். பாதியாக ஒடித்து அமுக்கினால் முன்னைவிட நன்றாகத் தாங்கும். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை இதற்கு வாய்பாடே கண்டார்: மெல்லிய கழியின் நீளத்தை இரட்டித்தால், வளையாமல் அது தாங்கும் அமுக்கம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேஸ்திரியின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது இங்கேதான் நமக்கு உறைத்தது.

ஏணியிலிருந்து பாலத்துக்கு ஏறுவோம். முக்கோணங்களாகக் கோத்த இத்தகைய சட்டகத்தைக் கட்டடத் தொழிலாளர் ‘டிரஸ்’ என்றே வழங்குகிறார்கள். நாமும் ‘சட்டகம்’ என்பதோடு அச்சொல்லையும் ஏற்கிறோம். ஏன் முக்கோணம்? நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்துச் சதுரமாக்கினால் தட்டியவுடன் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆன வடிவம், குச்சி முறிந்தாலன்றி உருமாறாது.

தாளில் ஒரு கிடைக்கோடு வரையுங்கள். அதன் இடமுனை க, நடு ச, வலமுனை ட. க-விலிருந்து ச-வுக்கு 6 மீட்டர், ச-விலிருந்து ட-வுக்கு 6 மீட்டர். இக்கோட்டுக்கு 4 மீட்டர் மேலே இரண்டு புள்ளிகள்: க-வுக்கும் ச-வுக்கும் நடுவே த, ச-வுக்கும் ட-வுக்கும் நடுவே ப. இப்போது க-த, த-ச, ச-ப, ப-ட என்று சாய்கோடுகளையும், த-ப என்று மேற்கோட்டையும் இணையுங்கள். மூன்று முக்கோணங்கள் கிடைக்கும். கணுக்கள் ஐந்து, சட்டங்கள் ஏழு. கணுக்களின் எண்ணிக்கையை இரட்டித்து மூன்றைக் கழித்தால் ஏழு வரும், சட்டங்களும் ஏழே. இவ்வாறு பொருந்திய சட்டகத்தைச் சமநிலைக் கணக்கு மட்டுமே கொண்டு முழுவதும் தீர்த்துவிடலாம். சட்டங்கள் அதற்கு மேலிருந்தால், இரும்பு எவ்வளவு நீளும் என்பது போன்ற வேறு செய்திகளும் வேண்டியிருக்கும்.

மூன்று சலுகைகளையும் நூலோர் எடுத்துக்கொள்கிறார்கள். கணுக்கள் ஆணி கோத்தவை போலத் தடையின்றித் திரும்பும். சுமை கணுக்களிலேயே இறங்கும். சட்டங்களின் சொந்த எடையையும் கணுக்களுக்கே பங்கிட்டு விடலாம். உண்மைப் பாலத்தில் இவை அப்படியே அமைவதில்லை. ஆயினும் விடை உண்மைக்கு வெகு அருகில் வந்து நிற்கும்.

முதலில் நடுக்கணுவான ச-வில் 8 டன் தொங்குவதாகக் கொள்வோம். முனைகள் இரண்டும் 4 டன் வீதம் தாங்கும். க என்னும் கணுவைத் தனியே எடுத்தால் பழைய ஏணிக்கால்தான்: மேல்நோக்கி 4, ஆகவே க-த சட்டத்தில் 5 டன் அமுக்கம், க-ச சட்டத்தில் 3 டன் இழுவை. அடுத்து த. அமுங்கியிருக்கும் க-த சட்டம் இந்தக் கணுவை மேலே 4, வலப்புறம் 3 என்று தள்ளுகிறது. மேலே போகும் 4-ஐக் கீழே இழுக்கக் கூடியது த-ச ஒன்றே. ஆகவே அதில் 5 டன் இழுவை. அது கீழே இழுக்கும்போதே வலப்புறமும் 3 டன் இழுக்கிறது. வலப்புறம் மொத்தம் 6. அதை எதிர்த்து இடப்புறம் தள்ள வேண்டியது த-ப என்னும் மேற்சட்டம்; அதில் 6 டன் அமுக்கம். மறுபாதியும் இதன் பிம்பமே.

சரிதானா என்று சோதிக்க வேண்டாமா? ச கணுவுக்குப் போங்கள். இரு சாய்சட்டங்களும் ஆளுக்கு 4 டன் மேலே இழுக்கின்றன. 8 டன் சுமை சரியாகக் கழிகிறது. கடைசிக் கணுவில் கணக்கு தானாகவே பொருந்தும்போது உண்டாகும் நிறைவு, வெண்பாவின் ஈற்றடி தளை தட்டாமல் முடியும்போது உண்டாகும் நிறைவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

எல்லாக் கணுக்களையும் சுற்றி வரப் பொறுமையில்லாதவருக்கு வெட்டுமுறை என்றொரு குறுக்குவழி உண்டு. 1860-களில் ஜெர்மானியப் பேராசிரியர் ரிட்டர் இதைப் பரப்பினார். த-ப, த-ச, க-ச ஆகிய மூன்றையும் ஒரு கற்பனைக் கத்தியால் வெட்டி, இடப்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ச-வைச் சுற்றிச் சுழற்சியைக் கணக்கிடுங்கள். த-ச, க-ச இரண்டும் ச வழியே செல்வதால் அவற்றுக்கு அங்கே திருப்புத்திறன் இல்லை. முனையின் 4 டன் 6 மீட்டர் தொலைவில் நின்று 24 அளவுக்குத் திருப்புகிறது. அதைத் தடுக்கும் த-ப 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே அதன் விசை 6 டன். ஒரே வரியில் அதே விடை.

இவ்வளவு எளிய கணக்கும் மிகப் பிற்காலத்தில் வந்ததுதான் வியப்பு. உலகெங்கும் தச்சர்கள் நெடுங்காலம் சட்டகங்களைக் கைப்பழக்கத்தாலேயே கட்டி வந்தார்கள். பாலச் சட்டங்களின் விசைகளை முறையாகக் கணிக்கும் வழியை அமெரிக்கரான ஸ்குவயர் விப்பிள் 1847-இல் தம் நூலில் வெளியிட்டார். 1864-இல் மாக்ஸ்வெல் வரைபடத்தாலேயே விசைகளை அளக்கும் வழியைக் காட்டினார். மின்காந்தவியலில் பெரும்பெயர் பெற்ற அதே மாக்ஸ்வெல்தான்.

சில சட்டகங்களில் யாதொரு விசையும் ஏற்காத சட்டங்களும் இருக்கும். சுமை இல்லாத ஒரு கணுவில் மூன்று சட்டங்கள் கூடி, அவற்றுள் இரண்டு ஒரே நேர்கோட்டில் அமைந்தால், மூன்றாவதற்கு வேலையே இல்லை. கோப்பே வராத மேசை எந்த அலுவலகத்திலும் ஒன்றிருக்கும் அல்லவா, அது போல. ஆனால் அதைக் கழற்றிவிடலாகாது. நீண்ட அமுக்கச் சட்டத்தை நடுவில் பிடித்து, ஈர்க்கைப் போல வளையாமல் காப்பது பெரும்பாலும் அதன் பணி.

அமுக்கச் சட்டத்தை அலட்சியப்படுத்தினால் நேர்வது என்ன என்பதற்குக் கனடா நாட்டின் கியூபெக் பாலம் சான்று. கொல்கத்தா நேயர்களுக்குப் பழக்கமான ஹௌரா பாலத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. இரு கரைகளிலிருந்தும் கைநீட்டி நடுவில் சந்திக்கும் வகை. 1943-இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தின் நடு இடைவெளி 1,500 அடி. கியூபெக்கில் முதலில் 1,600 அடி என்று திட்டமிட்டுப் பின்னர் 1,800 அடியாக நீட்டினார்கள். நீளம் கூடியபின் பாலத்தின் சொந்த எடையை உரிய காலத்தில் திரும்பக் கணக்கிடவில்லை. உண்மை எடை கணக்கை விஞ்சியது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்புற அமுக்கச் சட்டங்களில் வளைவு தென்பட்டது. அதைப் பற்றிக் கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன. 1907 ஆகஸ்டு 29 அன்று மாலை, சில நொடிகளில் பாலத்தின் தென்பாதி ஆற்றில் விழுந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். கடிதப் போக்குவரத்தையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு, இவ்வரலாற்றில் உறுத்துவது அந்தக் கடிதங்கள்தாம்.

மேஸ்திரியின் கம்பிக்குத் திரும்புவோம். அவருடைய சட்டகத்தில் சுமை நடுவில் தொங்கவில்லை. உருளைவண்டி மேற்புறத்தில் ஓடியது. தில்லியின் பழைய யமுனைப் பாலத்தில் இரயில் மேலேயும் சாலை கீழேயுமாக அமைந்ததை நேயர்கள் பலர் பார்த்திருக்கலாம். அந்த மேற்சுமை போல என்று வையுங்கள். நம் படத்தில் அந்த 8 டன்னை ச-விலிருந்து எடுத்து, மேற்கணுவான த-வில் ஏற்றுவோம்.

இப்போது சுமை இடமுனைக்கு அருகில் இருக்கிறது. கழியில் பானை கட்டி இருவர் தூக்கிப் போகையில், பானைக்கு அருகிலிருப்பவர் தோளில் பாரம் மிகுதியல்லவா? த இடமுனையிலிருந்து 3 மீட்டர், மொத்த நீளம் 12 மீட்டர். ஆகவே வலமுனை 8-இல் நான்கிலொரு பங்கான 2 டன்னும், இடமுனை 6 டன்னும் தாங்கும். க-த சட்டம் த கணுவை மேல்நோக்கி 6 டன் தள்ளும். ஆனால் அங்கே சுமை 8 டன். மேல்நோக்கி இன்னும் 2 டன் தேவை. அதைத் தர வேண்டியது யார்? த-ச சட்டம்தான். முன்பு கீழே இழுத்த அதே சட்டம் இப்போது மேலே தள்ள வேண்டும். அதில் இரண்டரை டன் அமுக்கம்.

உருளைவண்டி நகர்ந்து ப-வுக்குப் போய்விட்டதாகக் கொள்ளுங்கள். இப்போது இடமுனையின் தாங்கல் 2 டன் மட்டுமே. க-த சட்டம் த-வை 2 டன் மேலே தள்ள, அங்கே சுமை எதுவும் இல்லாததால், த-ச கீழே இழுத்துத்தான் சமன் செய்ய வேண்டும். அதில் இரண்டரை டன் இழுவை. வண்டி ஒருமுறை போய்வந்தால், அந்த ஒரு கம்பி ஒருமுறை தள்ளி ஒருமுறை இழுக்கிறது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நாம் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மூலநூலாரிடம் கவனக்குறைவு ஏதும் இல்லை. சுமை அருகில் நிற்கும் நிலையைச் சொன்ன பக்கத்தில் அவர் ‘ஸ்ட்ரட்’ என்றார். சுமை எதிர்முனைக்குப் போன நிலையைச் சொன்ன பக்கத்தில் ‘டை’ என்றார். இரண்டும் சரி. அவர் பிரித்துக் காட்டியதை நாம்தான் சீர்மையின் பெயரால் ஒன்றாகக் குழைத்துவிட்டோம்.

மறுநாள் மேஸ்திரியை அழைத்தோம். “இரண்டும்தான்” என்றோம். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, “அப்படியானால் உருட்டுக்கம்பி ஆகாது சார். அதனால்தான் பழையது வளைந்திருக்கிறது போலும். யாரோ முன்பே மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள். நான் அப்போதே நினைத்தேன்” என்றார். பணிமனைப் பொறியாளரும் படத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னாராம். இரட்டை ஆங்கிள் வரவழைத்து மாற்றும்வரை உருளைவண்டியை நிறுத்தி வைத்தார்கள்.

கையேட்டுக்குத் திருத்தத்தாள் ஒன்று அனுப்பினோம். ‘தாங்குகம்பி’ வந்த இடங்களிலெல்லாம் ‘அமுக்கச்சட்டம்’ என்றோ ‘இழுவைச்சட்டம்’ என்றோ மூலத்தை ஒட்டியே பிரித்து எழுதி, அந்தச் சாய்கம்பிக்கு மட்டும் இரண்டு பெயர்களையும் வண்டி நிற்கும் இடத்தோடு சேர்த்துக் குறித்தோம். மேலதிகாரி தாளைப் படித்துவிட்டு, ஒரே கம்பிக்கு இரண்டு பெயர் ஏன், சீர்மை இல்லையே என்று ஓரத்தில் எழுதியிருந்தார். படத்தையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனோம்.